உப்புநீரும் ஆல்கஹாலும் சந்திக்கும் இடத்தில் படிகம்: எதில் தவறுகிறோம்?

ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளங்களில் வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்க, பாத்தியில் உப்பு விளைகிறது. வெயிலே படாமல் ஒரு சோதனைக்குழாய்க்குள்ளும் உப்பை விளைவிக்கலாம். அடியில் தெவிட்டிய, அதாவது இனிமேல் உப்பு கரையாத அளவுக்கு நிறைந்த உப்புக் கரைசல், அதன்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஆல்கஹாலில் உப்பு அநேகமாகக் கரையாது. இரண்டும் தொடும் மட்டத்தில் ஆல்கஹால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். கரைந்திருக்கத் தண்ணீர் போதாத உப்பு படிகமாக வெளியேறும். நம் கடலோரப் பள்ளிகளில் செய்துகாட்ட இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை என்பேன். ஆனால் அவசரப்பட்டால் மிஞ்சுவது வெள்ளைப் பொடி மட்டுமே.

பெரும்பாலும் கெடுப்பது ஊற்றும் முறைதான். ஆல்கஹாலை மேலிருந்து கொட்டினால் எல்லை கலைந்து, கரைசல் முழுக்க ஒரே நேரத்தில் அதிதெவிட்டிய நிலைக்கு, அதாவது தாங்கக்கூடியதைவிட அதிக உப்பு கரைந்திருக்கும் நிலைக்குப் போய்விடும். படிகம் வளரத் தொடங்கும் நுண்துகள்களான கருக்கள் எண்ணற்றவை ஒன்றாகத் தோன்றி இருக்கிற உப்பைப் பங்குபோட்டுக்கொள்வதால் எதுவும் வளராது. குழாயைச் சாய்த்து, டிராப்பரால் உட்சுவர் வழியே சொட்டுச் சொட்டாக இறக்குங்கள். பாத்தியில் திடீர் மழை பெய்தால் நன்னீர் உப்புநீரின் மேல் தனியாக நிற்கும் அல்லவா, அடர்த்தி வேறுபாடுதான் இங்கேயும் காவல். தெவிட்டிய உப்புநீரின் அடர்த்தி மில்லிக்குச் சுமார் 1.2 கிராம், ஆல்கஹாலுடையது 0.79. வரிசையை மாற்றி ஆல்கஹாலை முதலில் விட்டால், மேலே விழும் உப்புநீர் அதைத் துளைத்து இறங்கி எல்லாவற்றையும் கலக்கிவிடும். பாதி தண்ணீர், பாதி ஆல்கஹால் கலந்த மெல்லிய அடுக்கு ஒன்றை நடுவில் விட்டால் விரவல், அதாவது திரவங்கள் தாமாக ஒன்றுக்குள் ஒன்று பரவுவது, இன்னும் மெதுவாகும். அடுக்கின் தடிமன் இரட்டிப்பானால் விரவ எடுக்கும் நேரம் நான்கு மடங்காகிறது. குறுகலான குழாயே நல்லது. மூடி வையுங்கள், தூக்கிப் பார்க்காதீர்கள், அடுப்பின் அருகே கொண்டுபோகவே வேண்டாம், ஆல்கஹால் தீப்பற்றும்.

இரண்டு திரவம்தானே என்று தேங்காய் எண்ணெயை ஊற்றுபவர்களும் உண்டு. எண்ணெய் தண்ணீரை உள்ளே வாங்காது. மேலே மூடிக்கொண்டு ஆவியாவதையும் தடுத்துவிடும். சானிடைசரும் உதவாது. அதில் ஏற்கெனவே தண்ணீர் கலந்திருக்கிறது, ஜெல் வகையில் கெட்டிப்படுத்தும் பொருளும் சேர்ந்திருக்கும்.

படிகாரக் கரைசலைச் சூடாக்கிக் குளிரவிட்டால் படிகம் வரும். அதே பழக்கத்தில் உப்பைக் கொதிக்கவைப்பது வீண்: அறை வெப்பத்தில் 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் கரையும், கொதிநீரில் 39 கிராம்தான், ஆகவே குளிர்ந்தாலும் அதிகம் வெளியேறாது. பாக்கெட் தூள் உப்பையும் தவிர்க்கலாம்; கட்டிபிடிக்காமலிருக்கச் சிலவற்றில் சேர்க்கும் ஃபெரோசயனைடு, கனசதுரமாக வளர வேண்டிய படிகத்தைக் கிளைகிளையாக மாற்றிவிடும். நம்மூர்க் கல்லுப்பு போதும். அதிலுள்ள களிமண்ணும் ஜிப்சமும் அடியில் படியும்வரை விட்டு, தெளிவை வடிகட்டி எடுங்கள்.

கிடைத்த படிகத்தைத் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், ஆல்கஹாலில் அலசுங்கள். பிறகு திறந்தும் வைக்கக்கூடாது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான உப்பே நீர்விடத் தொடங்கும். கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடு ஒட்டியிருந்தால் அதற்கு வெகு முன்பே கசியும். மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் இரவுக் கடற்காற்றுக்கு அந்த ஈரம் சாதாரணம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய சீசாவில் போட்டுவையுங்கள்.