ஏடபிள்யூஎஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வு: கேள்வியின் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட் சேவை) நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வு எழுதப்போகிறேன் என்று வந்தால், முதலில் ஒரு பெரிய வீடியோ கோர்ஸை வாங்கிவிட்டுத்தான் வருவார்கள். வாங்கட்டும். ஆனால் மொத்தத்தையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் கேள்விகளைத் தொடுவேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் வாரத்திலேயே மாதிரிக் கேள்விகளைப் பாருங்கள். விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, என்ன மாதிரி கேட்கிறார்கள் என்பது பிடிபட்டால் போதும்.

எஸ்ஏஏ-சி03 என்ற குறியீடு கொண்ட இந்தத் தேர்வில் 130 நிமிடத்தில் 65 கேள்விகள். அதில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது, எந்தப் பதினைந்து என்று சொல்லவும் மாட்டார்கள். 1000-க்கு 720 எடுத்தால் பாஸ். தவறான விடைக்குக் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

பெரும்பாலான கேள்விகளில் இரண்டு விடைகள் பார்த்தவுடனே அடிபட்டுவிடும். மிச்சமுள்ள இரண்டுமே வேலை செய்யும்! எது சரி என்பதைக் கடைசி வரிதான் சொல்லும்: ‘மோஸ்ட் காஸ்ட் எஃபெக்டிவ்’ (செலவு குறைவானது) அல்லது ‘லீஸ்ட் ஆபரேஷனல் ஓவர்ஹெட்’ (பராமரிப்பு வேலை குறைவானது). உதாரணமாக, பிரைவேட் சப்நெட்டில் (இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத நெட்வொர்க் பகுதி) இருக்கும் சர்வர், எஸ்3 என்ற ஃபைல் சேமிப்புச் சேவையிலிருந்து ஃபைல் எடுக்க வேண்டும். இணையத்துக்கு வெளியே போக வழிவிடும் நாட் கேட்வே வழியாகவும் எடுக்கலாம், இணையத்துக்குப் போகாமல் எஸ்3-ஐ எட்டும் கேட்வே எண்ட்பாயிண்ட் வழியாகவும் எடுக்கலாம். முன்னதற்கு மணிக்கணக்கில் வாடகை, போகிற டேட்டாவுக்கும் தனிக் காசு. பின்னதற்குக் கட்டணமே இல்லை. செலவு குறைய வேண்டும் என்றால் விடை எது என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் சேவைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் ஜோடி ஜோடியாகப் படியுங்கள். ரிப்போர்ட் ஓடும்போது டேட்டாபேஸ் திணறுகிறதா? ரீட் ரெப்ளிகா, அதாவது படிப்பதற்கென்று ஒரு காப்பி. ஒரு ஜோன் (டேட்டா சென்டர் தொகுதி) விழுந்தாலும் தானாக மாறி ஓட வேண்டுமா? மல்டி-ஏஇசட், அதாவது வேறு ஜோனில் தயாராக நிற்கும் காப்பி (ஸ்டாண்ட்பை). இரண்டுமே ‘இன்னொரு காப்பி’தானே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், ஒற்றை ஸ்டாண்ட்பை உள்ள மல்டி-ஏஇசட்டில் அந்தக் காப்பியிலிருந்து படிக்கவே முடியாது. சர்வருக்குக் காவல் நிற்கும் செக்யூரிட்டி குரூப்பும் சப்நெட்டுக்குக் காவல் நிற்கும் நெட்வொர்க் ஏசிஎல்லும் இப்படித்தான். குரூப்பில் உள்ளே வர அனுமதித்தால் பதில் தானாக வெளியே போய்விடும். ஏசிஎல்லில் அதற்கும் தனி ரூல் எழுத வேண்டும்.

இதைப் படித்தால் மட்டும் ஒட்டாது, ஒரு விபிசியை (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்களுக்கான தனி நெட்வொர்க்) கையால் கட்டிப் பாருங்கள். அதற்கு முன் பட்ஜெட் அலர்ட் போட்டுவிடுங்கள். முடித்ததும் நாட் கேட்வேயை அழித்துவிட்டு அதற்கு எடுத்த எலாஸ்டிக் ஐபியையும் (மாறாத பொது ஐபி முகவரி) விடுவியுங்கள். கேட்வே போனால் ஐபி தானாகப் போகாது, பில் ஓடிக்கொண்டே இருக்கும்.

டம்ப் (கசிந்த தேர்வுக் கேள்விகளின் தொகுப்பு) பக்கம் போகாதீர்கள். பல விடைகள் தப்பாக இருக்கும், பிடிபட்டால் சான்றிதழும் போகும்.

அப்புறம், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் தருகிறார்கள். நீளமான கேள்விகளுக்கு அது பெரிய உதவி. தேர்வு தேதியை புக் செய்வதற்கு முன்பே உங்கள் ஏடபிள்யூஎஸ் சான்றிதழ் கணக்கில் போய்க் கேட்டு வாங்கிவிடுங்கள்.