ஜாஸ் பரிந்துரைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் இசை கேட்கும் வட்டத்துக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், தமக்குப் பிடித்த ஜாஸ் இசைத்தட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கிச் சென்ற மாதம் வாசித்துக் காட்டினார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறை, அதே இசைத்தட்டை வைத்து, அதே உறுதியுடன் அவரும் செய்தார். பெயர்களைத் தவறாக உச்சரிப்பது போன்றவை தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளிவந்த ஆண்டைப் பதிவான ஆண்டாகக் கொள்வது

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ், பிரெஸ்டீஜ் என்னும் இசைத்தட்டு நிறுவனத்திலிருந்து கொலம்பியா நிறுவனத்துக்கு மாறியபோது, பழைய ஒப்பந்தப்படி பிரெஸ்டீஜுக்குச் சில இசைத்தட்டுகள் பாக்கி வைத்திருந்தார். நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், ரூடி வான் கெல்டர் தம் பெற்றோர் வீட்டின் வரவேற்பறையில் நடத்திவந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், 1956 மே 11, அக்டோபர் 26 ஆகிய இரண்டே நாட்களில் அந்தப் பாக்கியைத் தீர்த்தார். நிறுவனமோ கையில் கிடைத்ததைச் சிறுகச் சிறுக நான்கு இசைத்தட்டுகளாக வெளியிட்டது. அவற்றுள் 'குக்கின்' 1957இல் வந்தது. 'ஸ்டீமின்' 1961இல்தான் வந்தது.

ஆண்டை மட்டும் பார்த்த நான், மைல்ஸின் குழுவில் சாக்ஸபோன் வாசித்த ஜான் கோல்ட்ரேன், தம் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' தட்டு என்னும் புயலுக்குப் பிறகு 1961இல் அடங்கிவிட்டார் என்றும், 'ஸ்டீமின்' தட்டில் அவருடைய வாசிப்பு தயங்குகிறது என்றும் நான்கு பக்கம் எழுதி, படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தேன். மூத்த நண்பர் ஒருவர் எதுவும் சொல்லாமல் உறையைத் திருப்பிப் பின்பக்கத்தில் பதிவான நாள் மீது விரலை வைத்தார். கோல்ட்ரேன் 1960இலேயே மைல்ஸின் குழுவை விட்டு விலகியிருந்தார். நான் கேட்டதோ, தம் பாணியை இன்னும் தேடிக்கொண்டிருந்த 1956ஆம் ஆண்டின் கோல்ட்ரேனை. அத்தோடும் நான் திருந்தவில்லை. புதிய உறையும் புதிய ஆண்டும் போட்ட இரட்டைத் தட்டுத் தொகுப்பு ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்து பிரித்தால், உள்ளே இருந்தவை அதே 1956 பதிவுகள். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அந்தத் தொகுப்பு அலமாரியில் கண்ணில் பட்டால் எரிச்சல் வருகிறது.

இப்போதைய இசைச் செயலிகள் பல இடங்களில் மறுவெளியீட்டு ஆண்டையே காட்டுவதால் குழப்பம் கூடியிருக்கிறது. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் கோல்ட்ரேனுடன் நியூயார்க்கின் கார்னெகி ஹாலில் வாசித்த இசைத்தட்டு 2005இல் வந்தது. ஆனால் அந்தக் கச்சேரி நடந்தது 1957 நவம்பர் 29 அன்று. இடைப்பட்ட காலமெல்லாம் அந்த ஒலிநாடாக்கள் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் யார் கவனத்திலும் படாமல் கிடந்தன. ஆகவே ஒரு தட்டைப் பரிந்துரைக்கும்போது, பதிவான நாளையும் யார் எதை வாசித்தார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

குழுத் தலைவரின் பெயரோடு நிறுத்துவது

மைல்ஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தட்டில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' உருப்படியின் பியானோவில் மயங்கியவர்கள், மற்ற உருப்படிகளுக்குப் பியானோ வாசித்த பில் எவன்ஸின் தட்டுகளை நேராகப் போய் வாங்குகிறார்கள். அந்த ஓர் உருப்படிக்கு மட்டும் பியானோ வாசித்தவர் விண்டன் கெல்லி.

பழைய தட்டோடு சேர்ந்து பழகுவது

'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் பக்கம் பதிவான 1959 மார்ச் 2 அன்று ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது; அதைச் சரியான வேகத்தில் ஓட்டி எடுத்த பழைய அச்சுகளில் அந்தப் பக்கம் சுருதி ஏறியே ஒலிக்கும். 1990களில்தான் இது திருத்தப்பட்டது. ட்ரம்பெட் பழகும் நண்பர் ஒருவர் அதுவரை தம் கருவியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

தன்வரலாற்று நூல்களிலிருந்து தகவல் எடுப்பது

பாடகி பில்லி ஹாலிடே 1956இல் வில்லியம் டஃப்டியுடன் சேர்ந்து எழுதிய நூல், தம் பெற்றோரின் திருமணத்தைச் சொல்லித் தொடங்குகிறது. அப்படியொரு திருமணம் நடக்கவேயில்லை.

இரவல்

கொடுக்காதீர்கள்.

முதல் நாளே 'அசென்ஷன்'

கோல்ட்ரேனின் தட்டு அது: பதினொரு பேர், ஏறத்தாழ நாற்பது நிமிடம். எங்கள் வட்டத்தில் அதை முதல் நாளே கேட்ட இருவர் மறுவாரம் வரவில்லை.