ஓட்டை தெரிகிற படகையே வாங்குங்கள்

கண்ணாடி இழையாலான என் முதல் பைபர் படகுக்கு 900 ரிங்கிட் கொடுத்தேன். பத்தடி நீளம். பினாங்கின் பெனாகாவில் ஒரு வீட்டு வாசலில், ரம்புத்தான் மரத்தடியில், புது நீலச் சாயம் பூசிக்கொண்டு மாப்பிள்ளை போல் நின்றது. ஒரு கீறல்கூட இல்லை. இரண்டே மாதத்தில், ஐந்து குதிரைத்திறன் எஞ்சினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்பலகை நெளிய ஆரம்பித்தது. கரைக்கு வந்து உளியால் கீறிப் பார்த்தால், உள்ளே இருந்த பலகை ஊறிய புண்ணாக்கு போல் விரலோடு வந்தது.

இரண்டாவது படகை பத்து மாவுங் என்ற ஊரில் வாங்கினேன். அடிப்பாகத்தில் என் கை முழுசாக நுழைகிற ஓட்டை. கூட வந்த என் தங்கை மகன், "மாமா, இதையும் காசு கொடுத்தா வாங்குவீர்கள்?" என்று கேட்டான். 450 ரிங்கிட். ஆறு வருடமாக அதில்தான் மீன் பிடிக்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் ஓட்டையை அடைக்க எவ்வளவு ஆகும் என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டுவிடலாம். தெரியாத இடத்தில் ஊறிக் கிடக்கும் பலகைக்கும், படகு மிதக்க உள்ளே அடைக்கும் நுரைக்கும் அப்படிக் கணக்குப் போட முடியாது. கையில் பணம் குறைவாக இருப்பவர் முதல் வகையைத் தேடிப் போக வேண்டும்.

பார்க்கப் போவது காலை எட்டு மணிக்கு முன்பாக இருக்கட்டும். சாய்ந்த வெயிலில்தான் பழைய ஒட்டு வேலைகள் மேடு பள்ளமாகத் தெரியும்; உச்சி வெயிலில் எல்லாப் படகும் வழவழப்பாகத்தான் இருக்கும். புதுச் சாயம் பூசியிருந்தால், எதற்காகப் பூசினீர்கள் என்று நேராகக் கேளுங்கள். விற்பவர் முகம் பாதிப் பதிலைச் சொல்லிவிடும்.

முதலில் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் இல்லாத, ஒரே ஓடாக வார்த்த பத்தடித் திறந்த படகு ஏறத்தாழ அறுபது, எழுபது கிலோ இருக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்தால் முணகிக்கொண்டாவது தூக்கிவிடலாம். நான்கு பேர் சேர்ந்தும் அசையவில்லை என்றால், இருக்கைக்கு அடியில் அடைத்திருக்கும் நுரை தண்ணீர் குடித்திருக்கிறது. அது வெயிலில் காயவே காயாது. அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் அடைக்க வேண்டும். பெனாகாப் படகை நான் தூக்கிப் பார்க்கவே இல்லை. சாயத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவில் மண்பானை வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். அதே வித்தைதான். திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளி விட்டு அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பைபர் 'டக், டக்' என்று வறண்ட குரலில் பேசும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகி 'தொப்' என்று விழும். ஒலி மாறுகிற எல்லையைச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பத்து மாவுங் படகில் ஓட்டை இருபது சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டுதான். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று விரல் அகலத்துக்கு மந்த ஒலி கேட்டது. அதற்குமேல் எங்கும் பரவவில்லை. அப்போதே எனக்குப் பாதி மனம் வந்துவிட்டது.

பின்பலகையில் அவசரப்படாதீர்கள். பைபர் போர்த்திய ஒட்டுப்பலகைதான் அது; எஞ்சினின் முழு இழுவையும் அதன்மேல்தான். எஞ்சின் மாட்டியிருந்தால், கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பலகையும் சேர்ந்து நெளிந்தால் கிளம்பிவிடலாம். எஞ்சின் இல்லாவிட்டால், உள்பக்கம் தாழ்வான ஓர் இடத்தில் நான்கு மில்லிமீட்டர் துளை போட அனுமதி கேளுங்கள். நான் சின்னக் கைத் துளைப்பான் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வருகிற தூள் வெளிர் நிறமாக, உலர்ந்து உதிர்ந்தால் பலகை நலம். கறுத்து, ஈரமாகத் துளைப்பானிலேயே ஒட்டிக்கொண்டு, பழைய மழைக்காலத் துணி போல் நாறினால் அழுகல். நல்ல பலகையென்றால் துளையை ரெசின் என்ற பிசினால் அடைத்துக் கொடுத்துவிடலாம். துளை போடவே கூடாது என்று மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை. அவருக்கும் நியாயம் இருக்கலாம். என் பணத்துக்கும் இருக்கிறது.

விரிசல்களைக் கண்டு பயப்படாதீர்கள், ஆனால் வடிவத்தைப் படியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல் சிதறியிருந்தால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது. இணைகோடுகளாக ஓடினால் அந்த இடம் அடிக்கடி வளைந்து கொடுக்கிறது. உள்ளே தாங்கும் விலா விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஜெல்கோட் என்ற மேல்பூச்சு அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். விரிசல் அதோடு நின்றால் அழகுக் குறை மட்டுமே. அதே இடத்தில் உள்பக்கம் இழைகள் வெள்ளையாக வெளுத்திருந்தால் அடி ஆழமாக இறங்கியிருக்கிறது. சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஊசியால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். வினிகர் வாடையோடு நீர் வந்தால் பைபருக்குள் தண்ணீர் நெடுநாளாகக் குடியிருக்கிறது. அடியின் நடுத்தண்டையும் தடவுங்கள். சேற்றிலும் மணலிலும் இழுத்து இழுத்து அங்கேதான் தேயும்.

தாளைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பதிவெண் படகில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றா, தாளில் இருக்கும் பெயர்தான் உங்கள் முன்னால் நிற்பவரா என்று சரிபாருங்கள். பெயர் மாற்ற அவரும் வர வேண்டியிருக்கும் என்பதை அன்றே பேசிக்கொள்ளுங்கள்.

இனி பேரம். பத்து மாவுங்கில் விற்றவர் வயதான மலாய் மீனவர். 700 கேட்டார். ஓட்டை எப்படி வந்தது என்றேன். "தண்ணீர் வற்றும்போது கல்லில் ஏற்றிவிட்டேன், தம்பி, என் தப்புதான்" என்று மலாயில் சொல்லி, ஓட்டைக்குள் தன் கையையே விட்டுக் காட்டினார். நான் குறை சொல்லி விலையைக் குறைக்கவில்லை. சாக்கட்டிக் கோட்டைக் காட்டினேன். வாங்க வேண்டிய பொருள்களை ஒரு தாளில் எழுதி, கூட்டி, "பாக் சிக் (மாமா), பொருளுக்கு இவ்வளவு, என் மூன்று நாள் உழைப்புக்கு ஏதாவது" என்றேன். தாளை எட்ட நீட்டி வைத்துப் படித்தார். 450 என்று அவரே சொன்னார்.

அந்தக் கணக்கு இப்படித்தான். ஓட்டையின் ஓரத்தில் பைபரின் கனம் ஐந்து மில்லிமீட்டர். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். அதாவது எல்லாப் பக்கமும் ஆறு சென்டிமீட்டர். சரிவு இல்லாமல் செங்குத்தாக வெட்டி ஒட்டினால் ஒட்டு ஒரு நாள் மூடி போல் கழன்றுவிடும். ஆக, இருபதுக்குப் பன்னிரண்டு ஓட்டை முப்பத்திரண்டுக்கு இருபத்துநான்கு ஆகிறது. மந்த ஒலி கேட்ட பக்கம் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் சேர்த்துக்கொண்டேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பு ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தரும். ஆறு அடுக்கு வெட்டினாலும் இழை கால் கிலோவைத் தாண்டாது. ரெசின் அதைப் போல இரண்டரை மடங்கு. சிந்துவதையும் சேர்த்து ஒரு கிலோ போதும். கடைக்காரர் ஐந்து கிலோ டின்னைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். கணக்கைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே சின்ன டின்னுக்குப் போனார். மேட், ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்டனர், அசிட்டோன், ஜெல்கோட், மணல்தாள், உருளை எல்லாம் சேர்த்து 140 ரிங்கிட் ஆனது.

வேலையை மழை இல்லாத நாள்களுக்குத் தள்ளி வையுங்கள். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். ஈரமான இழையில் ரெசின் பிடிக்காது. நான் வாங்கியது அக்டோபரில். தைப்பூசத்துக்கு முந்திய வாரம்தான் தொட்டேன். அதுவரை படகு கவிழ்ந்தே காய்ந்தது. நம் வெயிலில் நூறு கிராம் ரெசினுக்கு ஒரு கிராம் ஹார்டனரே போதும். இரண்டு ஊற்றினால் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடலாம். ஒரு தடவைக்கு இருநூறு கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாகக் கொடுத்தால் அதையும் ஹார்டனரையும் நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். தேய்க்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாவிட்டால் அன்றிரவு அரிப்பில் தூங்க மாட்டீர்கள். ஓட்டைக்கு உள்பக்கம் ஓர் அட்டையை நெகிழித்தாள் சுற்றி முட்டுக் கொடுத்துக்கொண்டு, பெரிய துண்டை முதலில் போட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் உருட்டி, சிறியவற்றை அதன்மேல் அடுக்கினேன். கடைசி ஜெல்கோட் காற்றுப்பட்டால் பிசுபிசுவென்றே இருக்கும். மேலே நெகிழித்தாளை ஒட்டி மூடிவிட்டால் நன்றாகக் காயும்.

கார்ப் பட்டறையில் பள்ளம் நிரப்பும் புட்டிப் பசையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீரை உறிஞ்சும்.

ஒரு வாரம் கழித்துச் சோதனை. கடலுக்குக் கொண்டுபோகவில்லை. படகை இரண்டு முக்காலிகள்மேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் பழைய செய்தித்தாளை விரித்தோம். தங்கை மகன் கைவிளக்கோடு கீழே படுத்துக்கொண்டான். ஒட்டுப்போட்ட இடத்துக்கு நேர்கீழே தாள் உலர்ந்தே கிடந்தது. அரை மணி நேரம் கழித்து, "மாமா, சொட்டுகிறது" என்றான். வடிகால் அடைப்பானின் பழைய ரப்பர் வளையம். இரண்டு ரிங்கிட்.