ரூபார்ப் சமைக்கத் தண்ணீர் வேண்டாம்

புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் செடியான ரூபார்பை வாங்கிவிட்டு "இதை என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: அடுப்பில் வைக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு கரண்டிகூட வேண்டாம். இந்தத் தண்டின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரையோ சூடோ பட்டதும் அது தானாக வெளியே வந்துவிடும். அதற்கு மேல் நாமும் ஊற்றினால் நாரும் கூழுமாகப் பழுப்பு நிறத்தில் ஒன்று கிடைக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு "எனக்கு ரூபார்ப் பிடிக்காது" என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு.

நான் இருப்பது இங்கிலாந்தில், மேற்கு யார்க்‌ஷயரின் வேக்ஃபீல்டு பக்கம். வேக்ஃபீல்டு, மோர்லி, ராத்வெல் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் நிலப்பகுதிக்கு 'ரூபார்ப் முக்கோணம்' என்றே பெயர். சைபீரியா மாதிரியான குளிர்தேசத்துச் செடி இது. இந்தப் பக்கத்துக் குளிரும் மழையும் அதற்கு அவ்வளவு பிடித்துப்போனது. பக்கத்துக் கம்பளி ஆலைகளின் கழிவு உரமானது, சுரங்கத்து நிலக்கரி அதை வளர்க்கும் கொட்டகைகளைச் சூடாக்கியது. 1960களின் தொடக்கம் வரை இங்கிருந்து லண்டன் சந்தைக்கு ரூபார்புக்காகவே தனி ரயில் போய்க்கொண்டிருந்தது. நம்மூர் விளைபொருள்களுக்குப் புவிசார் குறியீடு தருகிறார்களே, அதற்கு நிகரான ஐரோப்பியப் பாதுகாப்பு 2010இல் யார்க்‌ஷயர் ரூபார்புக்குக் கிடைத்தது.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். இரண்டையும் ஒரே மாதிரி சமைக்கக் கூடாது என்பதால் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை வருவது இருட்டில் வளர்த்தது. செடியை இரண்டு வருடம் வயலில் பறிக்காமல் விட்டு, வேரில் சத்து சேரவிடுகிறார்கள். உறைபனி பட்ட பிறகு வேர்க்கட்டையோடு தோண்டி, சூடாக்கிய இருட்டுக் கொட்டகைக்குள் நெருக்கமாக அடுக்குகிறார்கள். வெளிச்சம் இல்லாததால் இலை பெரிதாவதில்லை. வேரில் சேர்ந்திருந்த மாவுச்சத்து சர்க்கரையாகித் தண்டுக்குப் போகிறது. பறிப்பதும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான். அந்தக் கொட்டகைக்குள் பேசாமல் நின்றால் மொட்டுகளின் உறை வெடிக்கிற சின்னச் சின்னச் சத்தம் காதில் விழும். இந்தத் தண்டு பளிச்சென்ற இளஞ்சிவப்பாக, மெலிதாக, புளிப்புக் கொஞ்சம் குறைவாக இருக்கும். விலை அதிகம்.

ஏப்ரலுக்குப் பிறகு வருவது வெயிலில், வெளியே வளர்ந்தது. தடிமனாக, அடியில் சிவப்பும் மேலே பச்சையுமாக இருக்கும். புளிப்பு கூர்மையாக இருக்கும். பச்சையாக இருக்கிறதே, பழுக்கவில்லையோ என்று யோசிக்க வேண்டாம். சில ரகங்கள் கடைசி வரை பச்சைதான். என் தோட்டத்தில் 'டிம்பர்லி எர்லி', 'விக்டோரியா' இரண்டும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால் இடமில்லாததால் ஊர் கவுன்சில் காய்கறி போட வாடகைக்கு விடும் 'அலாட்மென்ட்' நிலத்துண்டில் வைத்திருக்கிறேன். வேர்க்கட்டையை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து எனக்குக் கொடுத்தவர் பக்கத்துத் துண்டின் பாட்டியம்மா. இந்தச் செடி அப்படித்தான் கை மாறும்.

பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு. கத்தி வேண்டாம். தண்டின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் முழுதாகக் கழன்று வரும். வெட்டினால் மிச்சமிருக்கும் துண்டு அழுகி, வேர்க்கட்டைக்கும் அழுகல் பரவும். நட்ட முதல் வருடம் தொடவே கூடாது. அதன் பிறகும் ஒரு செடியில் பாதித் தண்டுகளையாவது விட்டுவைக்க வேண்டும்.

இலையை உடனே வெட்டி எறிந்துவிடுங்கள். அதில் ஆக்ஸாலிக் அமிலம் அதிகம், அது விஷம். கீரைதானே என்று பொரியல் செய்யும் யோசனையே வேண்டாம். முதல் உலகப் போரின்போது காய்கறித் தட்டுப்பாட்டில் இந்த இலையைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று பிரிட்டனில் சொல்லப்போக, உயிரே போயிருக்கிறது. உரக்குழியில் போடலாம், அதில் ஆபத்தில்லை. தண்டிலும் இந்த அமிலம் ஓரளவு உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குப் பரிமாறாதீர்கள்.

இந்தப் புளிப்பால் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். அலுமினியம், இரும்பு, செம்பு மூன்றும் கூடாது. அமிலம் உலோகத்தோடு சேர்ந்து ருசியும் நிறமும் கெடும். எவர்சில்வர், எனாமல், கண்ணாடி, பீங்கான் நல்லது. ஓவனில் மூடி வைக்க ஃபாயிலைவிட பட்டர் பேப்பர் மேல்.

வாங்கும்போது வளைத்துப் பாருங்கள், விறைப்பாக நிற்க வேண்டும். வீட்டில் வாடிப்போனால் ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிற்க வைத்தால் எழுந்துவிடும். தோல் சீவ வேண்டியதில்லை. நிறம் முழுக்க தோலில்தான் இருக்கிறது. ஜூன் மாதத்து முற்றிய தண்டுக்கு மட்டும், முருங்கைக்காய்க்கு உரிப்பதுபோல ஒரு முனையில் கத்தியைக் கொடுத்து நாரை இழுத்துவிடுவேன்.

சரி, சமையலுக்கு வருவோம். முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஓவனில் வாட்டுவது. மற்ற எல்லாம் இதிலிருந்து வரும்.

அரைக் கிலோ தண்டை விரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே கனமாக இருக்கட்டும். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்துகொள்ளுங்கள். 90 கிராம் சர்க்கரையும் ஒரு ஆரஞ்சின் துருவிய தோலும் சேர்த்துப் பிசிறி, பீங்கான் ட்ரேயில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் அடியில் இளஞ்சிவப்புச் சாறு தேங்கியிருக்கும். அதுதான் உங்களுக்கு வேண்டிய தண்ணீர். பட்டர் பேப்பரை மேலே அழுத்திப் போர்த்தி, 180 டிகிரியில் (ஃபேன் ஓவன் என்றால் 160) வையுங்கள். இருட்டில் வளர்ந்த மெல்லிய தண்டு 10 நிமிடத்தில் வெந்துவிடும், வெளித்தோட்டத்துத் தண்டுக்கு 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும், துண்டு உருக்குலையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம்தான் இடைவெளி. அதனால் ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள். வெளியே எடுத்ததும் கரண்டி போட்டுக் கிளற வேண்டாம். ஆறும்போது தண்டு இறுகிச் சாற்றைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

இதைக் கெட்டித் தயிரோடு சாப்பிடலாம், ரவா கேசரிமேல் வைக்கலாம், காலை ஓட்ஸ் கஞ்சியில் போடலாம். அடித்த கிரீமில் பாதி கலந்தும் கலக்காமலும் சேர்த்தால் அதுதான் இங்கே 'ஃபூல்' என்ற பழைய இனிப்பு. மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்ந்த சோடாவில் இரண்டு கரண்டி ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.

அடுத்தது கிரம்பிள், அதாவது துண்டுகளின் மேல் உதிரி மாவைத் தூவி ஓவனில் சுடும் இனிப்பு. யார்க்‌ஷயரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் எனக்கு இதுதான். இதற்கு விலை உயர்ந்த இளஞ்சிவப்புத் தண்டை வீணாக்காதீர்கள். மேலே மாவு மூடிவிடுவதால் அழகு தெரியாது. தவிர, இனிப்பான மேல்மாவுக்குக் கீழே கூர்மையான புளிப்பு இருந்தால்தான் எடுப்பாக இருக்கும். வெளியில் வளர்ந்த தண்டு 700 கிராம் எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, 120 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், கட்டைவிரல் அளவு இஞ்சித் துருவல் சேர்த்துப் பிரட்டி நேராக ட்ரேயில் போடுங்கள். முதலில் வேகவைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்புகள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. பச்சையாகப் போட்டால் மாவு சிவக்கும் நேரத்தில் தண்டும் சரியாக வெந்திருக்கும். கார்ன்ஃப்ளார் அந்தச் சாற்றைக் கெட்டியாக்கிவிடும்.

மேல்மாவுக்கு 200 கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 120 கிராம் வெண்ணெய். விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து உதிரியாக்குங்கள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகிவிடும். அப்புறம் 90 கிராம் டெமெராரா சர்க்கரையும் (பருமணியான பழுப்புச் சர்க்கரை) ஒரு கைப்பிடி ஓட்ஸும். அங்கங்கே சின்ன உருண்டைகள் இருக்கட்டும், மொறுமொறுப்பு அவற்றில்தான். இந்த மாவைக் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தூவுங்கள், அழுத்தக் கூடாது. 190 டிகிரியில் (ஃபேன் என்றால் 170) சுமார் 40 நிமிடம். ஓரங்களில் சாறு கொப்பளித்து மேலே வருவதுதான் அடையாளம். மாவு சிவந்தும் சாறு எட்டிப் பார்க்கவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். இறக்கியதும் பத்து நிமிடம் பொறுத்தால் சாறு கெட்டிப்படும்.

கூடவே கஸ்டர்ட் கட்டாயம். நம் வீடுகளில் பழ சாலடுக்குக் கலக்கும் அதே கஸ்டர்ட் பவுடர்தான். பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்டு, முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக 1837இல் கண்டுபிடித்தது அது. அதனால் முட்டை சாப்பிடாதவர்கள் வீட்டிலும் இந்த இனிப்பை முழுசாகச் செய்யலாம். அரை லிட்டருக்குச் சற்று அதிகமான பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை. ரூபார்ப் தின்றால் பல்லில் ஒரு கூச்சம் ஏறும், பால் சேர்ந்தால் அது அடங்கும். அதனால் இந்த இரண்டையும் நான் பிரிப்பதில்லை.

கேக்குக்கும் இதே தண்ணீர்க் கணக்குத்தான். 150 கிராம் வெண்ணெய், 150 கிராம் சர்க்கரையை நுரைக்க அடித்து, மூன்று முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, 100 கிராம் செல்ஃப் ரைசிங் மாவும் (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 80 கிராம் பாதாம் பொடியும் கலந்து 9 அங்குல டின்னில் பரப்புங்கள். 300 கிராம் ரூபார்ப் துண்டுகளை ஒரு கரண்டி சர்க்கரையில் கால் மணி நேரம் ஊறவைத்து, கசிந்த சாற்றை வடித்து, துணியில் ஒற்றி எடுத்து மேலே அடுக்குங்கள். மாவுக்குள் கலக்க வேண்டாம். வேகும்போது அவையே பாதி அமிழ்ந்துகொள்ளும். 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். பாதாம் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அடி நமுத்துப்போகாது, அடுத்த நாள் இன்னும் ருசியாக இருக்கும்.

ஜாம் சுலபம். ரூபார்பில் ஜாமை உறையவைக்கும் பெக்டின் குறைவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு கிலோ துண்டுக்கு ஒரு கிலோ பெக்டின் சேர்ந்த ஜாம் சர்க்கரை, ஒரு பெரிய எலுமிச்சையின் சாறு, 50 கிராம் இஞ்சி நசுக்கித் துணியில் முடிந்தது. இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கரையும் வரை மெல்லிய தீயிலும் பிறகு முழுத் தீயிலும் கொதிக்கவிடுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். அப்போது இறக்கி இஞ்சி முடிச்சை எடுத்துவிடலாம்.

இனிப்பு மட்டும்தானா என்று கேட்பீர்கள். சித்திரை ஒன்று, அதாவது ஏப்ரல் 14 வாக்கில்தான் என் செடியில் முதல் தண்டுகள் பறிக்கும் பக்குவத்துக்கு வரும். இங்கே நல்ல மாங்காய் அந்த நேரத்தில் கிடைப்பது நிச்சயமில்லை. அதனால் எங்கள் வீட்டுப் புத்தாண்டுப் பச்சடி ரூபார்பில்தான். மாங்காய்ப் பச்சடி செய்கிற கையோடு இங்கேயும் தண்ணீரில் வேகவைக்கப் போகாதீர்கள். ஒரு கரண்டி நெய்யில் கடுகு, கிள்ளிய மிளகாய் தாளித்து, 300 கிராம் ரூபார்ப் துண்டுகள், ஒரு சிட்டிகை உப்பு, மஞ்சள்தூள் சேர்த்து மூடி வையுங்கள். மூன்று நிமிடத்தில் சாறு விட்டுக் குழையும். அப்போது 150 கிராம் பொடித்த வெல்லம் போட்டு, கரைந்து பளபளப்பானதும் இறக்கி, நெய்யில் வறுத்த வேப்பம்பூ தூவினால் முடிந்தது. சுக்காங்கீரையும் ரூபார்பும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் பருப்போடும் இந்தப் புளிப்பு நன்றாகச் சேரும். துவரம்பருப்பு வெந்த பிறகு ஒரு கைப்பிடித் துண்டுகள் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், புளி தேவைப்படாது.

ஜூலை வந்தால் பறிப்பதை நிறுத்திவிட வேண்டும். தண்டும் முற்றிவிடும், செடிக்கும் அடுத்த வருடத்துக்குச் சத்து சேர்க்க இலைகள் தேவை. அதற்கு முன்னால் மிஞ்சியதைக் கழுவித் துடைத்து, வெட்டி, ட்ரேயில் தனித்தனியாகப் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் வரை இருக்கும். சமைக்கும்போது உருகவிட வேண்டாம், உருகினால் சாறெல்லாம் பிரிந்து நார் மட்டும் நிற்கும். உறைந்த துண்டுகளையே நேராகக் கிரம்பிளில் போட்டு, கார்ன்ஃப்ளாரை இரண்டு மேசைக்கரண்டியாக்கி, ஓவனில் பத்து நிமிடம் கூட விட்டால் போதும்.