சம்பந்தி வீட்டாரோடு வெளியே ஒரு சாப்பாடு: ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு

கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. பெண் வீட்டார் பந்தி பார்த்துக்கொண்டு ஓடுவார்கள், மாப்பிள்ளை வீட்டாரை முதல் பந்தியில் உட்கார வைத்து "இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று நின்றபடியே கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். மறுவீட்டு விருந்திலும் சமைக்கிறவர்கள் அடுப்படியில், வந்தவர்கள் கூடத்தில். அதனால் எல்லாம் முடிந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து, யாரும் யாருக்கும் பரிமாற வேண்டாத ஓர் ஓட்டலில் இரண்டு வீட்டாரும் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுவது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். நாள், இடம், சாப்பாடு, பில் என்று எதை முடிவு செய்தாலும் இதனால் இவர்கள் நாலு வார்த்தை நிம்மதியாகப் பேச முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் நாள். நம் பக்கம் மீன் இல்லாமல் விருந்து இல்லை, மீனுக்கோ தேதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. சித்திரை, வைகாசி முகூர்த்தமெல்லாம் இதற்குள்தான் வரும். அப்போது நாட்டுப்படகு மீன்தான், வரத்துக் குறைவு, விலையும் ஏறியிருக்கும், ஓட்டலில் ஐஸ் மீனாகவும் இருக்கலாம். அந்த மாதங்களில் கறி, கோழி என்று போய்விடுவது நல்லது. மற்ற நாட்களில் ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரைக்கு வரும், ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு வைத்தால் மீன் புதிதாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். அப்புறம் அமாவாசை, கார்த்திகை, சஷ்டி, புரட்டாசி சனிக்கிழமை, சம்பந்தி வீட்டில் யாராவது மாலை போட்டிருக்கிறார்களா என்பதையெல்லாம் போனில் கேட்டுவிடுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக் குடும்பமாக இருந்தால் மஃரிப் தொழுகை முடிந்து கிளம்புகிற மாதிரி நேரம் வையுங்கள். தங்கச்சிமடம் பக்கம் என்றால் தவக்காலத்தைப் பாருங்கள். ஆடி பிறப்பதற்கு முன்னால் முடித்துவிடுவதும் நல்லது, பிறந்துவிட்டால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள், ஜோடியாக உட்கார வைக்க முடியாது.

இடத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ராமநாதபுரம் டவுனுக்குத்தான். ராமேஸ்வரத்தில் தரிசனத்தோடு சேர்த்து வைக்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத்துணி மாற்றி, வரிசையில் நின்று வந்த பெரியவர்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு யாரோடும் பேசத் தெம்பு இருக்காது, பலர் அன்றைக்குக் கவிச்சியும் தொடமாட்டார்கள். கோயிலை ஒரு நாள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் பெரிய ஓட்டல்கள் உண்டு, ஆனால் ராமநாதபுரத்திலிருந்தே 110 கிலோமீட்டருக்கு மேல், சாப்பிட்டுவிட்டு அந்த ராத்திரியில் குழந்தைகளோடு திரும்ப வேண்டும். சம்பந்தி வீடு மதுரையிலோ அதற்கு அப்பாலோ இருந்து, நடுவில் சந்திப்பது என்றால் மட்டும் மதுரைப் பக்கம் யோசிக்கலாம்.

உங்கள் வீடோ வந்தவர்கள் தங்கியிருக்கும் இடமோ ராமேஸ்வரத்தில் என்றால், அங்கிருந்து ராமநாதபுரம் கிட்டத்தட்ட 55 கிலோமீட்டர். வெளியூர் ஆட்கள் வேனில் இருந்தால் பாம்பன் பாலத்தில் இறங்கிப் பார்க்காமல் வரமாட்டார்கள், இப்போது 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் வேறு இருக்கிறது, பாலத்தில் வண்டி நின்றால் பின்னால் வரிசை கட்டிவிடும், அதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் இருந்தால் உச்சிப்புளிப் பக்கம் திரும்பி அரியமான் கடற்கரையில் கொஞ்ச நேரம் நடக்கவிடுங்கள். அலை அதிகம் இல்லாத கடல், சவுக்குத் தோப்பு நிழல், குழந்தைகள் அங்கேயே கூட்டுச் சேர்ந்துவிடும். குழந்தைகள் சேர்ந்துவிட்டால் பெரியவர்களுக்குப் பாதிக் கூச்சம் போய்விடும். தனுஷ்கோடியை இதோடு சேர்க்காதீர்கள், சாயந்தரத்துக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள், நேரமும் பத்தாது.

ஓட்டலைப் போனில் மட்டும் பேசி முடிக்காமல், இரண்டு நாள் முன்னால் அதே நேரத்துக்கு ஒரு தடவை நேரில் போய் உட்கார்ந்து பாருங்கள். பாட்டு எவ்வளவு சத்தமாக ஓடுகிறது, குடும்ப அறை மாடியில் என்றால் படி எத்தனை, கழிவறை எப்படி, வேன் நிற்க இடம் இருக்கிறதா. அரண்மனைப் பக்கம் கடைவீதி நெருக்கம், டெம்போ டிராவலர் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு, பைபாஸ் பக்கம் சுலபம்.

அழைப்பு விஷயத்தில் வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டில் மூத்தவர் அவர்கள் வீட்டில் மூத்தவருக்குப் போன் போட்டு வாய் நிறையக் கூப்பிட வேண்டும், மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு போன். இரண்டு பக்கத்துத் தாய்மாமனையும் விட்டுவிடாதீர்கள், விட்டால் அது பத்து வருஷத்துக்குப் பேச்சாக நிற்கும். அதே மாதிரி, கல்யாணத்தில் சடங்கு என்ற பேரில் ஒதுங்கி நின்ற பாட்டியோ பெரியம்மாவோ இரண்டு வீட்டிலும் இருப்பார்கள். அவர்களைப் பேர் சொல்லிக் கேட்டு வரவழைத்து, நடுவில் உட்கார வையுங்கள். கணவர் இல்லாதவர் என்பதால் மணமேடைப் பக்கமே வராமல் நின்றவர்களுக்கு இந்தச் சாப்பாட்டு மேசையில்தான் இடம் கொடுக்க முடியும். மொத்தம் பதினைந்து பேருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் இரண்டு கும்பலாகப் பிரிந்துவிடும்.

உட்காரும் வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள், சும்மா விட்டால் ஒரு வீடு ஒரு பக்கம், இன்னொரு வீடு எதிர்ப்பக்கம், பெண் பார்க்க வந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு அப்பாவும் அப்படியே. பொண்ணு மாப்பிள்ளையை ஓர் ஓரத்தில் விட்டுவிடுங்கள், அவர்களே பேச்சின் நடுவில் இருந்தால் பெரியவர்கள் அவர்களைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார்கள்.

சாப்பாட்டை முன்கூட்டியே பாதி சொல்லி வைத்துவிடுங்கள், பதினைந்து பேரும் மெனு அட்டையைப் புரட்டினால் அரை மணி நேரம் போய்விடும். நம் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான், ஆனால் வெளியூர்ச் சம்பந்திக்கு நம் குழம்பு கண்ணில் தண்ணீர் வரவைக்கும், காரம் குறைத்து ஒரு குழம்பு தனியாகச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இட்லி, சைவக்காரர்களுக்குத் தனிக் கரண்டி, குழந்தைகளுக்கு உட்கார்ந்த உடனே தோசை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். ஒத்துக்கொள்ளும் என்றால் நண்டு கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சம்பந்தி சாப்பாட்டில் அரை மணி நேரம் எல்லாரும் போனைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நண்டு வந்ததும் கையெல்லாம் மசாலா, யாராலும் போனைத் தொட முடியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா, பல் போன எங்கள் அப்பத்தாவுக்காகக் கொடுக்கைக் கடித்து உடைத்து, உள்ளே இருந்த சதையை முழுசாக உருவி அவர் இலை ஓரத்தில் வைத்தார். அப்பத்தா எதுவும் சொல்லவில்லை, அடுத்த கொடுக்கை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். அதற்கப்புறம்தான் மேசையில் சிரிப்பு வந்தது.

சீர், நகை, கல்யாணத்தில் எது குறைந்தது என்ற பேச்சு எழுந்தால், "அதை விடுங்க மாமா, உங்க ஊர்ல மழை எப்படி" என்று யாராவது திருப்பிவிட வேண்டும். அந்த ஆளை முன்னாலேயே முடிவு செய்து காதில் போட்டு வையுங்கள்.

பில் அழைத்தவர்களுடையது. மேசைக்கு வந்தால் இரண்டு மாமனாரும் பையில் கை விட்டுக்கொண்டு இழுபறி நடக்கும், பார்க்கவே சங்கடம். உள்ளே நுழையும்போதே கல்லாவில் அட்வான்ஸ் கொடுத்து, பில்லை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண ஓட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம். சம்பந்தி ரொம்ப வற்புறுத்தினால் "அடுத்த தடவை உங்கள் ஊரில்" என்று சொல்லுங்கள், அடுத்த சந்திப்பும் அப்போதே முடிவாகிவிடும்.

கையில் கொடுத்தனுப்பப் பெரிய பரிசு எதுவும் வேண்டாம். பனையோலைக் கொட்டானில் கருப்பட்டி, கூடவே கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பு ஒரு பெட்டி போதும்.

சென்னைக்கு ராத்திரி ரயில் என்றால் அவர்கள் திரும்ப ராமேஸ்வரம் போகத் தேவையில்லை, வண்டி ராமநாதபுரம் வழியாகத்தான் போகும், ஏறும் நிலையத்தை முன்கூட்டியே மாற்றிவிட்டால் சாப்பிட்டுவிட்டு இங்கேயே ஏறிக்கொள்ளலாம். வேன் டிரைவருக்கு எல்லாருக்கும் முன்னால் சாப்பாடு சொல்லிவிடுங்கள், ராத்திரி வண்டி ஓட்டப்போகிறவர் அவர்தான்.