பட்ஜெட் உரையை விடுங்கள், நான்கு கட்டங்களைப் பாருங்கள்

'எவன் வந்தாலும் இப்படித்தான்' என்று அலுத்துப்போனவர்கள், மேடைப் பேச்சை விட்டுவிட்டு ஒரு சாயங்காலம் மத்திய பட்ஜெட்டோடு உட்கார்ந்து பார்க்கலாம். அரசு எதைப் பெரிதாக நினைக்கிறது, எதை ஒப்புக்குச் சொல்கிறது என்பது அதில் எண்ணாகவே இருக்கிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் வாசிப்பது உரை மட்டும்தான். அன்றே நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இணையதளத்தில் மற்ற ஆவணங்களும் ஏறிவிடும். உங்களுக்கு வேண்டியது அமைச்சக வாரியான செலவு ஆவணம். அக்கறையுள்ள ஒரே ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தைத் தொட்டால் ஒன்றும் விளங்காது.

திட்டத்தின் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள் இருக்கும்: முந்தைய ஆண்டில் உண்மையில் செலவானது, நடப்பாண்டுக்கு முதலில் அறிவித்தது, நடப்பாண்டுக்குத் திருத்தியது, வரும் ஆண்டுக்கு அறிவிப்பது. எல்லாம் கோடியில். சூட்சுமம் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தைப் பாருங்கள். 2024-25க்கு அறிவித்தது 70,163 கோடி. திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. 2025-26க்கு அறிவித்தது 67,000 கோடி. திருத்திய எண்ணோடு ஒப்பிட்டால் 'கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயர்வு' என்று தலைப்புப் போடலாம். முதலில் அறிவித்த எண்ணோடு ஒப்பிட்டால் 3,163 கோடி குறைவு. இரண்டும் பொய்யில்லை, அதுதான் விஷயமே. அறிவிப்பை அறிவிப்போடும், செலவைச் செலவோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். நூறு நாள் வேலைக்கு 2023-24இல் முதலில் ஒதுக்கியது 60,000 கோடி. பிறகு 86,000 கோடியாகத் திருத்தினார்கள். தாராளம் என்று நினைக்க வேண்டாம். அன்றைய சட்டப்படி வேலை கேட்டு வருபவர்களுக்குக் கொடுத்தே தீரவேண்டிய திட்டம் அது. முதல் ஒதுக்கீட்டைக் குறைத்துப் போட்டால் ஆண்டு நடுவில் பணம் தீர்ந்து, கூலி பாக்கி விழும்.

அடுத்தது பங்கு. திட்டத்தின் தொகையை மொத்தச் செலவால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். மொத்தச் செலவு 2024-25இல் 48.21 லட்சம் கோடி, 2025-26இல் 50.65 லட்சம் கோடி. அறிவிப்புப்படி ஜல் ஜீவனின் பங்கு 1.46 சதவீதத்திலிருந்து 1.32க்கு இறங்கியிருக்கிறது. தொகை ஏறியும் பங்கு இறங்கும் திட்டங்களும் உண்டு. அவற்றை உரையில் சாதனையாகத்தான் சொல்வார்கள்.

'ஒரு ரூபாய் எங்கே போகிறது' என்ற வட்டப்படத்தில் பலர் சறுக்குவார்கள். 2025-26 படத்தில் வட்டிக்கு 20 காசு. மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியில் வட்டி 12.76 லட்சம் கோடி, அதாவது 25 சதவீதம். மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கையும் (22 காசு) சேர்த்து அந்த ரூபாயை வெட்டுவதால்தான் வட்டி சின்னதாகத் தெரிகிறது.

பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெரும்பகுதி மாநிலச் செலவு. மத்திய ஆவணத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையோடு வரும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும்.

உங்கள் மாவட்டத்துக்கு வந்த பணம் தெரிய வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. மத்திய அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள் கெடு. 'ஏன் செலவு செய்யவில்லை?' என்று எழுதினால் 'காரணம் கேட்பது தகவல் ஆகாது' என்று திருப்பிவிடுவார்கள். 'இந்தத் திட்டத்தில், இந்த நிதியாண்டில், இந்த மாவட்டத்துக்கு விடுவித்த தொகை, செலவான தொகை, பயன்பாட்டுச் சான்றிதழ் நகல்' என்று ஆவணமாகவே கேளுங்கள்.