அந்தோணியாருக்குப் பதிமூன்று செவ்வாய் இருப்பது எப்படி?

ஒரு வேண்டுதலை வைத்துப் பதிமூன்று செவ்வாய்க்கிழமை புனித அந்தோணியாரிடம் ஜெபிக்கிற கத்தோலிக்க வழக்கம் இது. முதலில் எந்த அந்தோணியார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், சொரூபம் (சிலை) வாங்கப் போகும்போது பலர் தடுமாறுகிற இடம் இது. நீண்ட வெள்ளைத் தாடி, கையில் ஊன்றுகோல், காலடியில் பன்றி என்றால் அவர் எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த வனத்து அந்தோணியார், அவருக்குத் திருவிழா ஜனவரி 17. நமக்கு வேண்டியவர் தாடி இல்லாத இளம் துறவி: பழுப்பு அங்கி, இடுப்பில் முடிச்சுப் போட்ட கயிறு, கையில் லீலி மலர், புத்தகத்தின் மேல் குழந்தை இயேசு. இத்தாலியின் பதுவை நகர் அந்தோணியார், நம்மூர்ப் பேச்சில் கோடி அற்புதர், திருவிழா ஜூன் 13.

சரி, ஏன் செவ்வாய்? அவர் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, பதுவைக்கு வெளியே ஆர்செல்லா என்ற இடத்தில். உடல் எங்களுக்கே என்று அந்தப் பகுதி மக்கள் ஒரு பக்கம், நகரத்திலிருந்த அவருடைய சபைத் துறவிகள் ஒரு பக்கம் என்று தகராறு முற்றி, அது ஓய்ந்து அடக்கம் நடந்தது ஜூன் 17, செவ்வாய். அன்றைக்கே கல்லறையில் நோயாளிகள் குணமானதாகப் பேச்சு பரவியது, கிழமை அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு 1617-இல் இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் குழந்தையில்லாத ஒரு பெண்ணுக்கு அந்தோணியார் தோன்றி, ஒன்பது செவ்வாய் என் பீடத்துக்கு வா என்று சொன்னதாக ஒரு மரபு உண்டு. ஒன்பது பின்னால் பதின்மூன்றாக வளர்ந்தது, அவர் இறந்த தேதியை ஒட்டி. ஆகவே ஒன்பதுதான் முடியும் என்றால் ஒன்பது இருங்கள், அதுவும் பழைய வழக்கம்தான்.

எப்போது ஆரம்பிப்பது என்றால், எப்போது வேண்டுமானாலும். ஆனால் திருவிழாவோடு முடிக்க விரும்புகிறவர்கள் ஜூன் 13-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் மார்ச் நடுவில் ஒரு செவ்வாயில் வந்து நிற்பீர்கள், பெரும்பாலும் தவக்காலத்துக்குள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களுக்குள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்துச் செவ்வாயும் கணக்கில் வரும், அன்று கோவிலில் நவநாள் (அந்தோணியாருக்கான தொடர் ஜெப வழிபாடு) இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பல பங்குக் கோவில்களில் அந்த வாரம் நிறுத்திவிடுவார்கள்.

செவ்வாயன்று செய்ய வேண்டியது அதிகம் இல்லை. கோவிலில் நவநாள் திருப்பலி இருந்தால் போங்கள், அதுவே முழுமையானது. குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு ஒப்புரவு செய்து நற்கருணை அப்பம் வாங்குவது பழைய முறை, வாரா வாரம் முடியாவிட்டாலும் ஆரம்பத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை. போக முடியாதவர்கள் வீட்டில் சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ், பிறகு அந்தோணியார் மன்றாட்டு மாலை. நேரம் இருந்தால் 'புதுமைகளை (அற்புதங்களை) தேடுகிறவனே' என்கிற கருத்தில் தொடங்கும் பழைய லத்தீன் கீதத்தின் தமிழ் வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் இறந்த சில ஆண்டுகளிலேயே எழுந்த பாட்டு அது, கடல் அடங்கும், கைவிலங்கு தெறிக்கும், காணாமல் போனது கிடைக்கும் என்று வரிசையாக வரும். இருபது நிமிடத்துக்கு மேல் போகாது. வேண்டுதல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், பதிமூன்று வாரமும் அதையே சொல்லுங்கள். வாரத்துக்கு ஒன்றாக மாற்றுகிறவர்களுக்கு ஐந்தாவது வாரத்தில் எதைக் கேட்டோம் என்பதே மறந்துவிடுகிறது, பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது வாசிப்பை. அந்தோணியார் யார் என்றே தெரியாமல் பதிமூன்று வாரம் அவரிடம் கேட்டுக்கொண்டே இருப்பது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் படுகிறது. ஒவ்வொரு செவ்வாயும் அவர் வாழ்க்கையில் ஒரு துண்டை எடுத்து வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசியுங்கள். 1195 வாக்கில் லிஸ்பனில் பிறந்தவர், திருமுழுக்குப் பெயர் பெர்னாண்டோ, முதலில் அகுஸ்தீன் சபையில் இருந்தவர். 1220-இல் மொரோக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் கோயிம்ப்ரா நகருக்கு வந்ததைப் பார்த்துச் சபை மாறி, நானும் அங்கே போய் உயிரைக் கொடுக்கிறேன் என்று கப்பலேறினார். போன இடத்தில் நோயில் படுத்தார், திரும்பும்போது புயல் அடித்துக் கப்பலைச் சிசிலியில் கொண்டுபோய்த் தள்ளியது. இத்தாலிக்கு அவர் திட்டம் போட்டு வரவே இல்லை! வந்தவரை யாருக்கும் தெரியாது, ஒரு மலை மடத்தில் ஒதுங்கிக் கிடந்தார். 1222-இல் போர்லி நகரில் ஒரு குருப்பட்டத்தின்போது பிரசங்கம் செய்ய ஆள் இல்லாமல், ஏதோ பேசு என்று இவரை எழுப்பிவிட்டார்கள், எழுந்தவர் பேசிய பேச்சில் கூட்டம் வாயடைத்துப் போனது. அடுத்த ஒன்பது ஆண்டுகள்தான் அவருடைய மொத்தப் பொதுவாழ்க்கை. இறந்து ஒரு வருடம் முடிவதற்குள், 1232 மே 30 அன்று, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் புனிதர் பட்டம் கொடுத்துவிட்டார். 1263-இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாமல் இருந்தது, இன்றும் பதுவைப் பேராலயத்தில் அதைத் தனிப் பேழையில் வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் கதைகளையும் சேருங்கள், ஆனால் கதை என்று சொல்லியே சேருங்கள். ரிமினியில் மனிதர்கள் கேட்க மறுத்ததால் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தது, பட்டினி போட்ட கோவேறு கழுதை தீவனத்தை விட்டுவிட்டு நற்கருணை முன் மண்டியிட்டது, எல்லாம் அவர் காலத்துக்குப் பின் வந்த புதுமைத் தொகுப்புகளில் இருப்பவை. தொலைந்த பொருளுக்கு அவரைக் கூப்பிடுவதற்குக் காரணமும் இப்படி ஒரு கதைதான். அவருடைய சங்கீதப் புத்தகத்தை, ஓரங்களில் தன் கையால் குறிப்பெழுதி வைத்திருந்ததை, மடத்தை விட்டு ஓடிய ஒரு நவசந்நியாசி, அதாவது துறவுப் பயிற்சியில் இருந்தவன், தூக்கிக்கொண்டு போக, இவர் செபிக்க, அவன் பயந்து திரும்ப வந்து புத்தகத்தைக் கொடுத்தான், மடத்திலும் சேர்ந்துகொண்டான். அச்சு இல்லாத காலத்தில் ஒரு கையெழுத்துப் புத்தகத்தின் விலையை நினைத்துப் பாருங்கள், சாவிக்கொத்து தேடுகிற மாதிரி இல்லை அது.

கதை இல்லாத ஒன்றும் உண்டு, அதை நம்மூரில் யாரும் சொல்வதே இல்லை. 1231 மார்ச்சில் பதுவை நகராட்சி ஒரு சட்டம் போட்டது: கடனைக் கட்ட முடியாதவன் தன் சொத்தை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் வைக்கக் கூடாது. சகோதரர் அந்தோணி கேட்டுக்கொண்டதால் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வட்டிக்காரர்களை அவர் பீடத்தில் நின்று கிழித்தவர். கஞ்சன் இறந்தபின் அவன் இருதயம் பணப்பெட்டியில் கிடந்த கதை அதனால்தான் அவர் பெயரில் வந்தது, சிற்பி தொனாத்தெல்லோ அதை வெண்கலத்தில் வார்த்தது பதுவைப் பேராலயத்தில் இருக்கிறது. கந்துவட்டிக்கு விட்டுக்கொண்டே செவ்வாய் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்கு வழி தெரியவில்லை, நீங்கள் யாராவது முயன்று பாருங்கள்.

அடுத்தது ரொட்டி. இது இல்லாமல் பதிமூன்று செவ்வாய் இல்லை என்பேன். பதுவையில் தொம்மாசீனோ என்ற இருபது மாதக் குழந்தை தண்ணீரில் விழுந்து இறந்துபோக, பிழைத்தால் பிள்ளையின் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருகிறேன் என்று தாய் வேண்டிக்கொண்டு, பிள்ளை எழுந்தது என்பார்கள். எடைக்கு எடை கொடுப்பது நம் ஆட்களுக்குப் புதிதாக இருக்காது. பிற்பாடு 1890-களில் பிரான்சின் துலோன் நகரில் ஒரு கடைக்காரப் பெண் கடைப் பூட்டு திறக்காமல் இதேபோல் ரொட்டி நேர்ந்துகொள்ள, அங்கிருந்து 'அந்தோணியார் ரொட்டி' உலகம் முழுக்கப் போனது. தென்மாவட்டக் கோவில்களில் அசனமாக, அதாவது எல்லோருக்கும் பொதுச் சாப்பாடாகப் போடுகிறோம். வீட்டில் இருக்கிறவர்கள் செவ்வாய்க்கு ஒரு தொகையை உண்டியலில் போட்டு, பதிமூன்றாம் வாரம் அரிசியாகவோ பன்னாகவோ வாங்கிக் கொடுங்கள். காரியம் நடந்தால் தருகிறேன் என்று தள்ளி வைக்காமல் வாரம் வாரம் எடுத்து வைப்பது நல்லது, நடந்த பிறகு மறக்கிறவர்கள்தான் அதிகம்.

செய்ய வேண்டாதவை இரண்டு. வேண்டுதல் நிறைவேறவில்லை என்று சொரூபத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது, தண்ணீரில் போடுவது, இதெல்லாம் ஐரோப்பியக் கிராமங்களில் கல்யாணமாகாத பெண்கள் செய்த மிரட்டல், இங்கே யாரும் இறக்குமதி செய்ய வேண்டாம். அப்புறம், இந்த ஜெபத்தைப் பதிமூன்று பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று வாட்ஸப்பில் வருவதை அங்கேயே அழித்துவிடுங்கள்.

ஒரு செவ்வாயாவது பெரிய திருத்தலத்துக்குப் போக ஆசைப்பட்டால், சென்னையில் ஆர்மீனியன் தெருக் கோவில், தெற்கே புளியம்பட்டி, உவரி. காலையிலேயே போய்விடுங்கள், செவ்வாய்க் கூட்டத்தில் சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. கச்சத்தீவுத் திருவிழா பிப்ரவரி, மார்ச்சில் வரும், அதற்குப் படகும் அனுமதியும் முன்பதிவும் வேண்டும், இந்தக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

நடுவில் ஒரு செவ்வாய் விட்டுப்போனால் பலர் பதறிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தேவையில்லை. காய்ச்சல், பிரசவம், ராத்திரி ஷிப்ட் எல்லாம் அந்தோணியாருக்கும் தெரியும். அடுத்த செவ்வாய் தொடருங்கள், கடைசியில் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜூன் 13 பெரும்பாலும் வேலை நாளாகத்தான் வரும், பள்ளிக்கூடமும் திறந்திருக்கும், அதனால் சாயங்காலத் திருப்பலிக்குத்தான் கூட்டம். ரொட்டியை மந்திரிக்கக் கொண்டுபோவதாக இருந்தால் பங்கு அலுவலகத்தில் முந்தின நாளே சொல்லிவிட்டு, பன்னை மத்தியானத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள், ஆறு மணிக்கு மேல் கோவில் பக்கத்து பேக்கரியில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.